விக்ரம் சாராபாய் கற்ற கல்வி

சந்திரயான் யாத்திரைக்கு வேண்டிய ஒத்திகை, நம் நாமக்கல் ஜில்லா சித்தம்பூண்டிக் கல்லை அரைத்தெடுத்த பொடியின்மீது நடந்தது என்பது சேலம் சீமையார் அறிந்த செய்தி. சந்திரனில் இறங்கிய கலம் தாங்கிய பெயருக்குரிய விக்ரம் சாராபாய் எப்படிப் படித்தார் என்பதை அறிந்தோர் சிலரே. ஆகாய ஆராய்ச்சிக்கு எந்தப் பரீட்சை எழுத வேண்டுமென்று நம் வாலிபர் கேட்டு வருகின்றனர். ஆதலின் அவர் சரித்திரத்தை இன்று எடுத்துக்கொண்டோம்.

1919-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி ஆமதாபாத்தில் ஆலை முதலாளி குடும்பத்தில் அவர் பிறந்தார். ஆலைக் கணக்கைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். அவரோ கேம்பிரிட்ஜ் சென்று 1940-ல் இயற்கை விஞ்ஞானத்தில் தேறினார். யுத்தம் மூண்டிருந்தமையால் தாயகம் திரும்பி, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஸர் சி. வி. ராமனிடம் சேர்ந்து, விண்கதிர்களை அளக்கத் தொடங்கினார்.

ராக்கெட் நூல் எதையும் அவர் அங்கே பாராயணம் செய்யவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஆகாயத்துக்கு அப்பாலிருந்து வரும் கதிர்கள் வாயுமண்டலத்தில் மோதிச் சிதறுகின்றன. தரையில் நமக்குக் கிட்டுவது மிச்சமே. அந்த மிச்சமும் பகலிரவு வேளைக்குத் தக்கபடி ஏறி இறங்குகிறது. ஏன் என்று கேட்டவர் மேலே போய் அளந்தாக வேண்டும். சாராபாய் காச்மீர மலைகளில் கருவி வைத்து அளந்தார். மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு நவம்பரிலேயே ஆமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவினார். மலைக்கும் பலூனுக்கும் எட்டாத உயரத்துக்கு ராக்கெட் தேவைப்பட்டது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவுக்கு அருகே பூமியின் காந்த மத்தியரேகை செல்வதால் அவ்விடமே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 21-ந் தேதி மாலை அங்கிருந்து முதல் ராக்கெட் புறப்பட்டது. ராக்கெட் அமெரிக்காவினுடையது, அங்குள்ள மாதா கோயிலே காரியாலயமாயிற்று.

கேள்வியே அவரை ராக்கெட்டிடம் இழுத்துச் சென்றது. நம் ஜில்லாக்களிலோ விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் விடைகளை நெட்டுருப் போடுகின்றனர். (நாமும் அப்படிப் படித்தே பி. எல். ஆனோம்; பிறரைக் குறை கூற நமக்கு வாயில்லை.) சித்தம்பூண்டிக் கல்லின் விஷயத்தில் உதவியவர்கள் ராக்கெட் படித்தவர்களல்லர், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் பூகர்ப்ப சாஸ்திரிகளும் அவர்களுள் உண்டு. எந்தச் சாஸ்திரத்தின் வாசலிலும் அந்த வழி திறக்கக்கூடும் என்பதைப் பெற்றோர் ஏனோ நம்ப மறுக்கின்றனர்.

சாராபாய் 1971 டிஸம்பர் 30-ந் தேதி கோவளத்தில் தமது 52-வது வயதில் காலமானார். இந்தியாவின் முதல் துணைக்கோள் மேலே சென்றதோ 1975-ல்தான். அவர் பெயர் பூண்ட கலம் 2019-ல் சந்திரனில் விழுந்து நொறுங்கிற்று. அடுத்தது 2023 ஆகஸ்டு 23-ந் தேதி பத்திரமாக இறங்கிற்று. அதிலிருந்து உருண்டு சென்ற வண்டியில், அவர் ஸ்தாபித்த ஆமதாபாத் கூடத்தில் செய்த கருவியொன்று இருந்தது. அங்குள்ள மண் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்னும் பாறையை ஒத்தது என்று அது அளந்து கூறிற்று. சித்தம்பூண்டிக் கல்லும் அந்த இனமே.