கெமராவைக் கண்டுபிடித்தவரா இப்னுல் ஹைதம்?

கெமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம், அந்தச் சொல்லே அரபியிலிருந்து வந்தது என்றொரு பதிவு எமது வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வருகிறது. மாணவர்களும் ஒப்படைகளில் அதையே எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஓர் ஆசிரியர் என்ற வகையில் இதுபற்றிச் சில விடயங்களைச் சொல்லியாக வேண்டும்.

இப்னுல் ஹைதம் ஏறத்தாழ 965இல் ஈராக்கின் பஸராவில் பிறந்தார். பாத்திமிய கலீபா அல்-ஹாகிமின் காலத்தில், நைல் நதியின் நீரைக் கட்டுப்படுத்தும் திட்டத்தோடு எகிப்து சென்றார். நதியின் போக்கை நேரில் பார்த்ததும் அது நடக்காத காரியம் என்று உணர்ந்தார். கலீபாவின் கோபத்துக்கு அஞ்சிப் பைத்தியம்போல் நடித்தார் என்றும், 1021இல் கலீபாவின் காலம் முடிந்த பின்னரே வெளியே வந்தார் என்றும் பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். யூக்லிட், தொலமி ஆகியோரின் நூல்களைப் பிரதியெடுத்து விற்றே வாழ்க்கையை ஓட்டினார் என்பதும் அவர்கள் தரும் தகவல். ஏறத்தாழ 1040இல் கெய்ரோவில் வஃபாத்தானார்.

அவருடைய கிதாபுல் மனாளிர் ஏழு பாகங்கள் கொண்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று யூக்லிடும் தொலமியும் கூறியிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதே பார்வை என்று இவர் நிறுவினார். இருட்டறைத் துவாரத்துக்கு வெளியே பல விளக்குகளை வைத்தார். உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒளிப்பொட்டு விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதன் பொட்டு மட்டும் மறைந்தது. ஒளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை என்பது இதனால் தெளிவானது. கிரகணச் சூரியனின் பிறை வடிவம் சிறிய துவாரத்தில் தெரிவதும், துவாரம் பெரிதானால் அழிவதும் ஏன் என்று தனி நூலே எழுதினார்.

ஆனால் இருட்டறையில் பிம்பம் விழுவதைச் சீனரும் கிரேக்கரும் முன்பே கண்டிருந்தனர். கெமரா என்பது அறையைக் குறிக்கும் பழைய இலத்தீன் சொல். அந்தப் பிம்பத்தை அழியாமல் பதித்தவர் 1820களில் பிரான்ஸின் நியெப்ஸ்.

அப்படியானால் எமது பெருமை குறைந்துவிட்டதா? இல்லை. பெரியவர்கள் சொன்னதென்பதற்காக எதையும் ஏற்காமல் பரிசோதித்துப் பார்த்ததே அவரது உண்மையான சாதனை. தொலமியின் நூல்கள் மீதான ஐயங்களை ஒரு நூலாகவே எழுதிய அவர், உண்மையைத் தேடுபவன் தன்னையும் சந்தேகிக்க வேண்டும் என்றார். அவர் பெயரிலேயே ஆராயாத செய்தியைப் பரப்புவது அவருக்குச் செய்யும் கண்ணியமல்ல. பிள்ளைகளுக்கு ஓர் அட்டைப்பெட்டியையும் இரண்டு விளக்குகளையும் கொடுப்போம். அவர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.