காற்றுக்கு வேலை கொடுத்த பிராங்ளின்

சித்திரை மாதத்தில் காளையார்கோவில் பக்கம் விறகு அடுப்பு எரியும் ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். சமையல் கட்டில் நிற்க முடியாது. ஒரு கையில் கரண்டி, மறு கையில் பனை ஓலை விசிறி என்று வீட்டுப் பெண்கள் வியர்வையில் குளித்துக் கொண்டிருப்பார்கள். இந்த அனல் எப்போது வெளியே போகும் என்பதுதான் அங்கே கவலை.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கிறதே, அதன் பயன்களில் ஒன்று இதுதான். சூடான காற்று லேசானது. அது மேலே எழும்பி, முற்றத்தின் வழியாக வெளியே போய்விடும்.

உலகத்தின் இன்னொரு கோடியில் இதற்கு நேர்மாறான கவலை. அங்கே மாதக் கணக்கில் பனி கொட்டும். அடுப்புச் சூடு வெளியே போய்விடக் கூடாது. வீடு முழுவதும் பரவ வேண்டும்! அதற்கு வழி தேடியவர்களில் ஒருவர் அமெரிக்க மேதை பெஞ்சமின் பிராங்ளின். காளையார்கோவில் ராஜகோபுரத்தை எழுப்பிய மருது சகோதரர்கள் சிவகங்கைச் சீமையை ஆண்டபோது, அவர் பழுத்த கிழவர்.

ஓடி வந்த சிறுவன்

பிராங்ளின் 1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜோசையா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்பவர். அவருக்குப் பிள்ளைகள் 17 பேர்! பெஞ்சமின் 15-வது பிள்ளை.

அத்தனை பேருக்கும் சோறு போடுவதே பெரும் பாடு. படிப்புக்கு எங்கே போவது? பெஞ்சமின் பள்ளிக்கூடம் போனது 2 வருஷம்தான். 10 வயதில் தந்தைக்கு உதவியாக மெழுகுவர்த்தித் திரி வெட்ட உட்கார்ந்தார். 12 வயதில் அண்ணன் ஜேம்சின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். அண்ணன் கை நீளம். அடி பொறுக்க முடியாமல், 1723-ல் யாரிடமும் சொல்லாமல் ஊரை விட்டு ஓடினார். அப்போது அவருக்கு வயது 17.

பிலடெல்பியா நகரில் வந்து இறங்கியபோது கையில் சில்லறைக் காசுதான். 3 பெரிய ரொட்டி வாங்கினார். இரண்டை இரு கக்கத்திலும் இடுக்கிக் கொண்டு, மூன்றாவதைக் கடித்தபடி தெருவில் நடந்தார். ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் இந்தக் கோலத்தைப் பார்த்து, என்ன பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தாள். அவள் பெயர் டெபோரா. 1730-ல் அவளே அவருக்கு மனைவி ஆனாள்!

அச்சுத் தொழிலில் பிராங்ளின் முன்னுக்கு வந்தார். பத்திரிகை நடத்தினார். 1731-ல் நண்பர்களிடம் பணம் திரட்டி நூலகம் தொடங்கினார். 1736-ல் தீயணைக்கும் படை ஒன்றை அமைத்தார்.

முன்னால் நெருப்பு, முதுகில் பனி

அந்தக் காலத்தில் பிலடெல்பியா வீடுகளில் சுவரை ஒட்டிக் கணப்பு அடுப்பு இருக்கும். அதற்கு மேல் அகலமான புகைபோக்கி. வண்டி வண்டியாக விறகு எரிந்தாலும் வீடு சூடாகாது.

காரணம் என்ன? சூடான காற்று புகையோடு சேர்ந்து மேலே போய்விடும். போன காற்றுக்குப் பதில் காற்று வேண்டுமே! கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் குளிர்ந்த காற்று சீறிக் கொண்டு உள்ளே வரும். நெருப்புக்கு முன் உட்கார்ந்தவருக்கு முகம் வேகும், முதுகு விறைக்கும்.

விறகுக்கும் தட்டுப்பாடு. முன்பு வாசலிலேயே கிடைத்த விறகைச் சில ஊர்களுக்குச் சுமார் 100 மைல் தூரத்திலிருந்து கொண்டு வரவேண்டி இருந்தது. ஏழைகள் என்ன செய்வார்கள்? குளிரில் நடுங்க வேண்டியதுதான்.

பிராங்ளின் யோசித்தார். இரும்புத் தகடுகளால் ஓர் அடுப்பு செய்தார். நெருப்புக்குப் பின்னால் உள்கூடான ஓர் இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் குறுக்குத் தடுப்புகள். தரைக்கு அடியிலிருந்து குளிர்ந்த காற்று பெட்டியின் கீழ்ப்பக்கம் நுழையும். காய்ந்த இரும்பில் பட்டுப் பட்டு, வளைந்து வளைந்து மேலே ஏறும். பக்கத்துத் துளைகள் வழியாக வெந்நீர் ஆவி போல வெதுவெதுப்பாக அறைக்குள் வரும். புகை மட்டும் தனி வழியே புகைபோக்கிக்குப் போகும்.

விசிறி இல்லை, விசிறுவதற்கு ஆளும் இல்லை. அடுப்புச் சூடே காற்றைத் தள்ளியது. பிராங்ளினின் வீட்டில் பழைய விறகில் கால் பங்கே செலவானது. அறையில் இரண்டு மடங்கு சூடு இருந்தது என்பது அவர் சொன்ன கணக்கு. இரும்பு உலை வைத்திருந்த ராபர்ட் கிரேஸ் என்ற நண்பரிடம் மாதிரியைக் கொடுத்தார். அவர் தகடுகளை வார்த்து விற்றார். 1744-ல் பிராங்ளின் அடுப்பைப் பற்றி ஒரு சிறு புத்தகமும் அச்சிட்டார்.

வேண்டாம் என்றார்

புத்தகத்தைப் படித்த கவர்னர் தாமஸ் மகிழ்ந்து போனார். இந்த அடுப்பைச் சில வருஷங்களுக்குப் பிராங்ளின் ஒருவரே விற்கலாம் என்று தனி உரிமை தர முன்வந்தார். பெரும் பணம் வரும் வாய்ப்பு. பிராங்ளின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்! மற்றவர்கள் கண்டுபிடித்தவற்றை நாம் அனுபவிக்கிறோம். நாம் கண்டுபிடித்ததை இலவசமாகக் கொடுப்பதே முறை என்பது அவர் கொள்கை.

லண்டனில் ஓர் இரும்பு வியாபாரி அதே அடுப்பைக் கொஞ்சம் மாற்றித் தன் பெயரில் உரிமை வாங்கிப் பணம் சேர்த்தார். பிராங்ளின் வழக்குப் போடவில்லை. பின்னால் கண்டுபிடித்த இடிதாங்கிக்கும் அவர் உரிமை கேட்கவில்லை.

ஆனால் அடுப்பில் ஒரு குறை இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. புகை மேலே ஏறி, பிறகு பெட்டிக்குப் பின்னால் கீழே இறங்கி, தரைக்கு அடியில் சென்று புகைபோக்கியில் சேர வேண்டும். புகைக்குக் கீழே இறங்கப் பிடிக்குமா? நெருப்புத் தணிந்தால் புகை அறைக்குத் திரும்பியது. பலர் உள்பெட்டியைக் கழற்றிப் போட்டார்கள். வான நூல் அறிஞர் டேவிட் ரிட்டன்ஹவுஸ், புகை நேராக மேலே போகும்படி பிறகு திருத்தினார். பெயர் மட்டும் பிராங்ளின் அடுப்பு என்றே நிலைத்தது.

பிராங்ளின் 1752-ல் காற்றாடி விட்டு மின்னலை ஆராய்ந்ததும், 1776-ல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டதும் ஊரறிந்த கதை. நாட்டு வேலையாக லண்டனில் அவர் 10 வருஷம் தங்கியிருந்தபோது, 1774-ல் டெபோரா இறந்தாள். கடைசி நாளில் கணவர் பக்கத்தில் இல்லை. மகன் வில்லியம் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றார். அந்தப் பிளவு கடைசி வரை ஆறவில்லை.

அடுப்பை மட்டும் அவர் மறக்கவில்லை. 1785-ல், 79 வயதில், பாரிசிலிருந்து கப்பலில் திரும்பும்போது, புகையும் அடுப்புகளைச் சரி செய்வது எப்படி என்று நீண்ட கட்டுரை எழுதினார்! 1790 ஏப்ரல் 17-ல் காலமானார்.

இப்போது வந்த விசிறி

குளிர் நாடுகளில் இன்றும் விறகு அடுப்பு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அடுப்பு ஓர் அறையில்; குளிரில் நடுங்கும் அறைகள் தள்ளி. அங்கே மின்விசிறியை எங்கே வைப்பது? அடுப்புக்குப் பக்கத்தில் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். குளிர்ந்த அறையின் தரையில், அடுப்பைப் பார்த்து வைப்பதே நல்லது. குளிர்ந்த காற்று கனமானது, தரையோடு கிடக்கும். அதை அடுப்புப் பக்கம் தள்ளினால், வெதுவெதுப்பான காற்று வாசற்படியின் மேல்பாதி வழியாகத் தானே இந்த அறைக்கு வந்துவிடும். ஒரு மெழுகுவர்த்தியை வாசற்படியில் கீழே பிடித்தால் சுடர் அடுப்புப் பக்கம் சாயும். மேலே பிடித்தால் எதிர்ப் பக்கம் சாயும்.

மின்சாரமே வேண்டாத விசிறியும் இருக்கிறது. இரண்டு விதமான உலோகங்களைச் சேர்த்து, ஒரு முனையைச் சூடாகவும் மறு முனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் பிறக்கிறது என்று 1821-ல் ஜெர்மானிய விஞ்ஞானி சீபெக்கின் சோதனை காட்டியது. அந்த முறையில் ஓடும் கையகல விசிறியை அடுப்பின் தலையில் வைத்தால் போதும். அடிப்பக்கம் காயும், மேல்பக்கம் குளிர்ந்திருக்கும், இறக்கை சுழன்று சூட்டை அறைக்குள் தள்ளும். கம்பி இல்லை, பாட்டரி இல்லை. இரவில் விறகு தணிந்து அடுப்பு ஆறும்போது விசிறியும் மெல்ல மெல்ல நின்றுவிடும்.