ஈகையாளர் வேதநாயகர்

தமிழின் முதல் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை இயற்றியவர் என்ற அளவிலேயே மாயூரம் வேதநாயகரைப் பலரும் அறிவர். அந்நூல் வெளிவந்தது 1879ஆம் ஆண்டில். அதற்குச் சற்று முன்னர், பஞ்சக் காலத்தில் அவர் ஆற்றிய பணி அந்நூலினும் குறைந்ததன்று.

வேதநாயகர் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். உறையூரும் தென்னூரும் மலைக்கோட்டையைச் சூழ்ந்திருக்கும் திருச்சிராப்பள்ளி நகரில் நீதிமன்ற ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நட்பு அவருக்கு வாய்த்ததும் இந்நகரில்தான். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். சீர்காழியிலும், இன்று மயிலாடுதுறை என வழங்கும் மாயூரத்திலும் அப்பணியைத் தொடர்ந்தார்.

கைக்கூலி வாங்கும் அலுவலரைக் கண்டித்துப் பாடல் புனைந்தவர் அவர். ஈகையைப் பற்றிப் பேசும்போது இச்செய்தி எதற்கு என்று தோன்றலாம். வழக்காட வந்த ஏழையிடம் பறித்த பொருளை வேறோர் ஏழைக்கு அளித்தால், அதனை ஈகை என்று கொள்ள இயலுமா? வேதநாயகர் வழங்கியது நேர்மையாக ஈட்டிய பொருள்.

1876ஆம் ஆண்டு மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் எனப்படும் அக்கொடுமை 1878 வரை நீடித்தது. சென்னை மாகாணத்தில் பல இலட்சம் பேர் மாண்டனர். உழைக்காது உண்ணும் பழக்கம் மக்களிடம் வேரூன்றிவிடும் என்று அஞ்சிய அரசு, 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நிவாரணப் பணியாளரின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் எனக் குறைத்தது. ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுதும் மண் சுமந்தவருக்கு அது எம்மட்டு? பசித்தவர் தகுதியுடையவர்தாமா என்று ஆராய்ந்த பின்னரே கொடுக்கும் கொடை அது.

பணியிலிருந்து விலகியிருந்த வேதநாயகர் அவ்வாறு ஆராயவில்லை. மாயூரத்தில் கஞ்சித்தொட்டிகள் அமைத்துத் தம் கைப்பொருளைச் செலவிட்டார். சாதி, சமயம் பாராது பசித்தோர் அனைவருக்கும் கஞ்சி வார்க்கப்பட்டது. மழை வேண்டியும் பஞ்சம் நீங்க வேண்டியும் கீர்த்தனைகள் பாடினார். எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க அவரது சர்வ சமய சமரசக் கீர்த்தனை 1878இல், பஞ்சத்தின் வடு ஆறும் முன்னரே வெளிவந்தது.

பிறர் காண வேண்டும் என்று செய்யும் தருமத்திற்கு இறைவனிடம் கைம்மாறு இல்லை என்பது கிறித்தவ மறையின் போதனை. ஆனால் ஊர் நடுவே எரியும் அடுப்பை எவ்வாறு மறைப்பது? அப்போதனை மறைக்கச் சொல்வது அடுப்பையன்று, பெயர் பெறும் ஆசையை என்றே கொள்ளல் வேண்டும். உண்டவரைத் தம் சமயத்திற்கோ, தம் புகழுக்கோ கடன்பட்டவராக வேதநாயகர் கருதியதில்லை. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் அவர் கொண்டிருந்த நட்பும் அத்தகைய உள்ளத்தைக் காட்டும்.

எனினும் புகழ் தானே வந்தது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார், வேதநாயகரின் கொடையைக் கண்டு, அவரைப் போற்றிக் கீர்த்தனை ஒன்று இயற்றினார். வேதநாயகர் 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் மறைந்தார்.