பைபிளை வரி வரியாக ஆராய்ந்த ஓரிஜன்

எகிப்து நாட்டின் துறைமுக நகரம் அலெக்சாந்திரியா. கி.பி. 202-ம் ஆண்டு. அங்கே ஒரு வீட்டில், 17 வயது கூட நிறையாத ஒரு பையன் தன் துணிமணிகளைத் தேடிக்கொண்டிருந்தான். ஒன்றுகூட அகப்படவில்லை. எல்லாவற்றையும் ஒளித்துவைத்திருந்தவள் வேறு யாரும் அல்ல, அவனைப் பெற்ற தாய்தான்!

பையனின் தந்தை லெயோனிதஸ், கிறிஸ்தவர் என்ற குற்றத்துக்காகச் சிறையில் கிடந்தார். ரோமாபுரிச் சக்கரவர்த்தி செப்டிமியஸ் செவேரஸ் காலத்து அடக்குமுறை அது. தானும் கிறிஸ்தவன்தான் என்று அதிகாரிகளிடம் போய்ச் சொல்லிவிட்டு, தந்தையோடு சாகப் பையன் துடித்தான். தாய் அழுதாள், கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை. கடைசியில்தான் அவள் இந்த யுக்தியைச் செய்தாள். உடுத்தத் துணி இல்லாமல் அவனால் வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை.

வெளியே போக முடியாத பையன், சிறையில் இருந்த தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினான். எங்களை நினைத்து மனம் மாறிவிடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம்.

தந்தை மனம் மாறவில்லை. அவர் தலை வெட்டப்பட்டது. குடும்பச் சொத்து முழுவதையும் அரசாங்கம் பறிமுதல் செய்தது. மிஞ்சியவர்கள் விதவைத் தாய், மூத்தவனான அந்தப் பையன், அவனுக்குக் கீழே 6 தம்பிகள்.

அந்தப் பையன்தான் ஓரிஜன். கிறிஸ்தவ வேத நூல்களை ஒழுங்குமுறையோடு ஆராய்ந்தவர்களில் முதல் வரிசையில் வைத்துச் சரித்திரம் பேசும் மனிதர்.

குடும்ப பாரம்

ஓரிஜன் பிறந்தது கி.பி. 185-ம் ஆண்டையொட்டி. தந்தை படித்தவர். மகனுக்குக் கிரேக்க இலக்கணமும் கணிதமும் சொல்லிக்கொடுத்ததோடு, தினமும் வேதத்தில் ஒரு பகுதியை மனப்பாடம் செய்ய வைத்தார். சிறுவனோ மனப்பாடத்தோடு நிற்கவில்லை. இந்த வரிக்கு உள்ளே என்ன அர்த்தம் இருக்கிறது என்று குடைந்து குடைந்து கேட்டான். வயதுக்கு மீறிக் கேட்காதே என்று தந்தை வெளிப்பார்வைக்கு அதட்டினாலும், உள்ளுக்குள் பூரித்துப்போவாராம். மகன் தூங்கும்போது அவன் மார்பில் முத்தமிடுவார் என்று பழைய சரித்திர ஆசிரியர் யூசிபியஸ் எழுதிவைத்திருக்கிறார்.

தந்தை போன பிறகு, அந்தப் படிப்புதான் சோறு போட்டது. பணக்காரப் பெண்மணி ஒருத்தி சிறிது காலம் ஆதரித்தாள். பிறகு ஓரிஜன் இலக்கண ஆசிரியராக வேலை பார்த்துச் சம்பாதித்தார். சின்ன வயதிலேயே குடும்பத்தைத் தோளில் தூக்கியவர்களுக்கு இந்தப் பாரம் என்னவென்று தெரியும்.

18-வது வயதில் இன்னொரு பொறுப்பும் வந்து சேர்ந்தது. அடக்குமுறைக்குப் பயந்து ஆசிரியர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். கிறிஸ்தவ மதத்தில் சேர விரும்பியவர்களுக்குப் பாடம் சொல்ல ஆள் இல்லை. பிஷப் டெமெட்ரியஸ் அந்தப் பள்ளியை ஓரிஜனிடம் ஒப்படைத்தார். அவரிடம் படித்தவர்களிலேயே சிலர் பிடிபட்டு மரண தண்டனை பெற்றார்கள். கொலைக்களம் வரை அவர்களுடன் நடந்துபோனார் ஓரிஜன். அதனால் அவர் உயிருக்கும் ஆபத்து வந்தது. வீடு மாறி வீடு மாறித் தங்கினார்.

மதபோதனைக்கே முழு நேரத்தையும் கொடுக்க முடிவு செய்தபோது, தம்மிடம் இருந்த பழைய கிரேக்க நூல்களை எல்லாம் விற்றுவிட்டார். வாங்கியவர் அவருக்குத் தினமும் 4 ஒபோல் காசு கொடுக்க ஏற்பாடு. 6 ஒபோல் சேர்ந்தால்தான் ஒரு திராக்மா. அந்தச் சொற்பக் காசில் காலம் தள்ளினார். வெறுந்தரையில் படுத்தார். பல வருஷம் காலில் செருப்பு இல்லாமல் நடந்தார்.

ஆறு பத்திகள்

அச்சு யந்திரம் இல்லாத காலம் அது. வேத நூல்களைக் கையால்தான் நகல் எடுப்பார்கள். எழுதுகிறவர் கண் அசந்தால் ஒரு வரி விட்டுப்போகும். சிலர் தெளிவாக இருக்கட்டும் என்று தாமே ஒரு வார்த்தையைச் சேர்ப்பார்கள். ஆபீசில் நகல் எடுத்தவர்களுக்கு இந்த வியாதி புதிதல்ல. நகலுக்கு நகல், அதற்கு நகல் என்று போகப்போக, ஒரு பிரதி சொல்வதை இன்னொரு பிரதி சொல்லாது.

அதோடு ஒரு சங்கடமும் இருந்தது. பழைய ஏற்பாடு எபிரேய மொழியில் எழுதப்பட்டது. கிறிஸ்தவர்கள் படித்ததோ அதன் கிரேக்க மொழிபெயர்ப்பு. யூதர்களோடு வாதம் வந்தால், நீங்கள் காட்டும் வரி எங்கள் நூலில் இல்லையே என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். இதற்கு என்ன பதில்?

சத்தம் போட்டு ஜெயிக்க ஓரிஜன் விரும்பவில்லை. எபிரேய மொழி கற்றார். யூதப் பண்டிதர்களிடம் சந்தேகம் கேட்டார். பிறகு ஒரு பிரம்மாண்டமான வேலையில் இறங்கினார்.

பக்கத்தை 6 பத்திகளாகப் பிரித்தார். முதல் பத்தியில் எபிரேய மூலம். இரண்டாவதில் அதே எபிரேயம், கிரேக்க எழுத்தில். அடுத்த இரண்டு பத்திகளில் அக்விலா, சிம்மாக்கஸ் ஆகியோர் செய்த கிரேக்க மொழிபெயர்ப்புகள். ஐந்தாவதில் சபைகளில் வழங்கிவந்த பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு. ஆறாவதில் தியோடோஷன் செய்தது. ஒரு பேரேட்டைப் போல, ஒரே வரி ஆறு விதமாக எப்படி இருக்கிறது என்று ஒரே பார்வையில் ஒத்துப்பார்க்கலாம்.

இந்த நூலுக்கு ஹெக்சாப்லா என்று பெயர். ஆறு மடங்கு என்று அர்த்தம். முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. சங்கீதப் பகுதிக்கு இன்னும் சில மொழிபெயர்ப்புகளையும் தேடிப்பிடித்துச் சேர்த்தார். அவற்றில் ஒன்று எரிகோ நகருக்குப் பக்கத்தில் ஒரு ஜாடிக்குள் கிடைத்ததாம். ஏறக்குறைய 1,700 ஆண்டுகள் கழித்து, 1947-ல் சாக்கடல் சுருள்கள் கிடைத்ததும் அதே வட்டாரத்தில்தான், அதேபோல ஜாடிகளில்தான்!

கிரேக்கப் பிரதியில் இருந்து எபிரேயத்தில் இல்லாத வரிகளை ஓரிஜன் அடித்துவிடவில்லை. அவற்றுக்கு ஒரு கோட்டுக் குறி போட்டார். எபிரேயத்தில் இருந்து கிரேக்கத்தில் விட்டுப்போன வரிகளைச் சேர்த்து, அவற்றுக்கு நட்சத்திரக் குறி போட்டார. ஹோமரின் காவியங்களை ஆராய்ந்த அலெக்சாந்திரியாப் பண்டிதர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட குறிகள் அவை. இன்றைக்கு டைப்ரைட்டரிலும் கம்ப்யூட்டரிலும் நம் விரல் தட்டுகிற நட்சத்திரக் குறிக்கு அவ்வளவு பழைய வம்சம் உண்டு.

சுருக்கெழுத்தாளர் 7 பேர்

இவ்வளவு வேலைக்குப் பணம்? அம்புரோஸ் என்ற செல்வந்தர் கொடுத்தார். ஓரிஜனின் போதனையால் மனம் மாறியவர் அவர். ஏழுக்கு மேற்பட்ட சுருக்கெழுத்தாளர்களை அமர்த்தினார். ஓரிஜன் சொல்லச் சொல்ல, முறைவைத்து அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் நகல் எழுதுபவர்கள். அழகான கையெழுத்துப் பழகிய பெண்களும் இருந்தார்கள். ஓரிஜனின் புகழில் அந்தப் பெயர் தெரியாத எழுத்தர்களின் கை உழைப்பும் கலந்திருக்கிறது.

புதிய ஏற்பாட்டையும் அவர் இதே கண்ணோடுதான் பார்த்தார். எது எல்லாச் சபைகளும் ஏற்றுக்கொண்ட நூல், எது சந்தேகத்துக்கு உரியது என்று பிரித்துச் சொன்னார். சுவிசேஷங்களில் தகராறு இல்லாதவை நான்கே என்றார். பேதுருவின் இரண்டாம் கடிதத்தைச் சிலர் சந்தேகிப்பதை மறைக்கவில்லை. எபிரேயருக்கு எழுதிய நிருபம் பவுல் எழுதியது என்று பலரும் நம்பினார்கள். ஓரிஜன் அதன் நடையைக் கவனித்தார். கருத்து பவுலுடையதாக இருக்கலாம், நடை அவருடையது அல்ல; எழுதியவர் யார் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்று முடித்துவிட்டார்.

எருசலேம் ஆலயத்திலிருந்து வியாபாரிகளை இயேசு விரட்டிய சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். யோவான் அதைத் தம் நூலின் ஆரம்பத்தில் வைக்கிறார். மற்ற மூவரும் இயேசுவின் கடைசி நாட்களில் வைக்கிறார்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்? பலர் இதை மூடி மறைத்தார்கள். ஓரிஜன் வெளிச்சத்தில் வைத்தார். சுவிசேஷம் எழுதியவர்களின் நோக்கம் நாட்குறிப்பு எழுதுவதல்ல. உள்ளே இருக்கும் உண்மையைச் சொல்ல அவர்கள் வரிசையை மாற்றியிருக்கலாம் என்றார்.

சூரியன் படைக்கப்படுவதற்கு முன்னால் மூன்று நாட்கள் எப்படி வந்தன? உலகத்து ராஜ்யங்கள் அத்தனையையும் ஊனக் கண்ணால் காண்பதற்கு எந்த மலை உயரம் போதும்? இப்படிப்பட்ட கேள்விகளை எழுப்பியவர் மதத்தின் எதிரி அல்ல. மதத்துக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்தவர். மனிதனுக்கு உடல், உள்ளம், ஆவி இருப்பதுபோல வேதத்துக்கும் மூன்று அடுக்கு அர்த்தம் உண்டு என்பது அவர் கொள்கை. வழியில் கல் தடுக்கினால்தான் வாசகன் நின்று யோசிப்பான், ஆழமாகத் தோண்டுவான் என்று அவர் கருதினார்.

ஊரை விட்டு வெளியே

புகழ் பரவியது. சக்கரவர்த்தி அலெக்சாந்தர் செவேரசின் தாய் ஜூலியா மமேயா, படைக் காவலுடன் ஆள் அனுப்பி, அவரை அந்தியோகியாவுக்கு வரவழைத்துப் பேச்சைக் கேட்டாள்.

ஆனால் சொந்த ஊரில் பிஷப் டெமெட்ரியசுடன் உறவு கசந்தது. ஓரிஜன் வெளியூர்ப் பயணத்தில் இருந்தபோது, பாலஸ்தீன நாட்டுப் பிஷப்புகள் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். தம்மைக் கேளாமல் நடந்ததால் டெமெட்ரியஸ் கொதித்துப்போனார். சபை கூடியது. ஓரிஜன் அலெக்சாந்திரியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பிறந்து வளர்ந்த ஊர், கட்டி எழுப்பிய பள்ளி, எல்லாம் போயிற்று. யோவான் சுவிசேஷத்துக்கு அவர் எழுதிவந்த விரிவுரை ஆறாம் பாகத்தில் நின்றுபோனது. சுருக்கெழுத்தாளர்களும் உடன் இல்லை.

பாலஸ்தீனக் கடற்கரையில் உள்ள செசரியாவில் புது வாழ்க்கையைத் தொடங்கினார். விட்ட இடத்திலிருந்து விரிவுரையைத் தொடர்ந்தார். ரோமானியச் சட்டம் படிக்கப் புறப்பட்ட கிரகோரி என்ற இளைஞர், வழியில் செசரியாவில் ஓரிஜனைச் சந்தித்தார்; சட்டத்தை மறந்து அவரிடமே சில ஆண்டுகள் தங்கிவிட்டார். விடைபெறும்போது குருவுக்கு நன்றி கூறி கிரகோரி ஆற்றிய உரை இன்றும் கிடைக்கிறது.

கிறிஸ்தவத்தைத் தாக்கி செல்சஸ் என்பவர் எழுதியிருந்த நூலுக்கு, சுமார் 248-ல் ஓரிஜன் 8 பாகங்களில் பதில் எழுதினார். எதிராளியின் வாதத்தைத் திரிக்காமல் அவர் வார்த்தைகளிலேயே எடுத்துவைத்துப் பதில் சொன்னார். செல்சஸின் மூல நூல் அழிந்துவிட்டது. ஓரிஜன் எடுத்தெழுதியதால்தான் அது உலகத்துக்குத் தெரிகிறது. எதிரியைக் காப்பாற்றிக் கொடுத்தவர் அவர்!

கழுத்தில் இரும்பு வளையம்

250-ல் சக்கரவர்த்தி டீசியஸ் அடக்குமுறையைக் கட்டவிழ்த்துவிட்டான். 17 வயதில் தவறிய சிறை, 65 வயதில் வந்தது. கிழவரின் கழுத்தில் இரும்பு வளையம் மாட்டினார்கள். கால்களை விரித்துத் தொழுமரத்தில் பூட்டி நாள்கணக்கில் வைத்தார்கள். நெருப்பில் போடுவதாக மிரட்டினார்கள். ஆனால் உயிர் மட்டும் போகாமல் நீதிபதி பார்த்துக்கொண்டான். பெயர்பெற்ற மனிதர் வாயால் மதத்தை மறுத்துச் சொன்னால், அதுதானே ஆயிரம் பேரைச் சாகடிப்பதைவிடப் பெரிய வெற்றி!

ஓரிஜன் மறுத்துச் சொல்லவில்லை. 251-ல் டீசியஸ் போரில் மாண்டான். அதன் பிறகு அதிக காலம் ஓரிஜனும் இருக்கவில்லை. கி.பி. 254-ஐ ஒட்டி, 69-வது வயதில் காலமானார். தீரு நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.

செத்த பிறகும் தண்டனை

கதை அதோடு முடியவில்லை. ஆன்மா உடலுக்கு முன்பே இருந்தது, முடிவில் எல்லா உயிர்களும் கடவுளிடம் திரும்பிச் சேரும் என்பன போன்ற கருத்துகள் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டன. சக்கரவர்த்தி ஜஸ்டினியன் 543-ல் அவருக்கு எதிராகக் கட்டளை பிறப்பித்தான். 553-ல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய பொதுச்சங்கம், அவர் இறந்து ஏறக்குறைய 300 ஆண்டுகள் கழித்து, அவரைப் பதிதர் வரிசையில் சேர்த்தது. தகப்பனைப் போலவே கொள்கைக்காகத் துன்பப்பட்டவருக்குப் புனிதர் பட்டம் இல்லை. நூல்களை நகல் எடுக்கவும் ஆட்கள் பயந்தார்கள். பெரும்பகுதி அழிந்தது. சில, லத்தீன் மொழிபெயர்ப்பில் மட்டும் தப்பின.

ஹெக்சாப்லா அளவில் மிகப் பெரியது. முழுவதையும் நகல் எடுப்பார் இல்லை. செசரியா நூலகத்தில் இருந்தது. ஜெரோம் அங்கே அதைப் பார்த்துப் பயன்படுத்தினார். நூலகத்தோடு அதுவும் மறைந்துபோயிற்று. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மிலான் நகர நூலகத்தில், எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே வேறு எழுதியிருந்த பழைய தோல் ஏட்டில், சங்கீதப் பகுதியின் சில பத்திகள் வெளிப்பட்டன.

1941-ல் எகிப்தில் கெய்ரோவை அடுத்த தூரா என்ற இடத்தில், யுத்தத் தளவாடங்கள் வைக்கக் குகைகளைச் சுத்தம் செய்தார்கள். குப்பைக்கு அடியில் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. அவற்றிலும் ஓரிஜன் இருந்தார்.

2012-ல் இன்னொரு அதிசயம் நடந்தது. ஜெர்மனியின் மூனிக் நகரில் உள்ள பவேரிய அரசு நூலகத்தில், கிரேக்கச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரிக்கும் வேலை நடந்தது. பட்டியல் போட்ட பெண்மணி, ஒரு 12-ம் நூற்றாண்டுச் சுவடியைப் புரட்டியபோது சந்தேகப்பட்டார். ஒத்துப்பார்த்தார். சங்கீதங்களைப் பற்றி ஓரிஜன் செய்த 29 பிரசங்கங்கள், அவர் பேசிய கிரேக்க மொழியிலேயே அதில் இருந்தன! ஆசிரியர் பெயர் இல்லாமல் இருந்ததால் யாரும் அதைக் கவனித்ததில்லை. பெயர் இல்லாததே அதைக் காப்பாற்றியும் இருக்கலாம்.

60 வயது ஆகும் வரை, கோவிலில் தாம் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுக்க ஓரிஜன் யாரையும் அனுமதித்ததில்லை என்பார்கள். அதற்குப் பிறகுதான் சம்மதித்தார். அவர் பேசப் பேச, செசரியாவில் யாரோ ஒரு எழுத்தர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். பல நூற்றாண்டுகள் கழித்து யாரோ ஒருவர் அதை நகல் எடுத்தார். இன்னும் பல நூற்றாண்டுகள் கழித்து ஒருவர் அதற்குப் பட்டியல் போட்டார். சக்கரவர்த்தியின் கட்டளையால் ஒழிக்க முடியாத குரலை, மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்த அந்த மூன்று பேரின் கைகள் நம்மிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டன.