சாமுவேல் ஹெர்ன்

சாமுவேல் ஹெர்ன் (1745 – நவம்பர் 1792) ஓர் ஆங்கிலேய நாடுகாண் பயணியும் மென்மயிர்த் தோல் வணிகரும் இயற்கை ஆய்வாளரும் ஆவார். வட அமெரிக்காவில் தரை வழியாக ஆர்க்டிக் பெருங்கடலை அடைந்த முதல் ஐரோப்பியர் இவரே. இன்று ராஸ் வாத்து என அழைக்கப்படும் வலசைப் பறவையை முதன்முதலில் எழுத்தில் விவரித்தவரும் இவரே. எனினும் அப்பறவைக்கு வேறொருவரின் பெயரே நிலைத்தது.

இளமைக்காலம்

ஹெர்ன் லண்டனில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்த இவர், ஏறத்தாழ 12ஆவது வயதில் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்தார். 1766இல் ஹட்சன் விரிகுடா நிறுவனத்தில் இணைந்து, சர்ச்சில் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோட்டைக்குச் சென்றார்.

ஆர்க்டிக் பயணம்

வடக்கே செப்பு கிடைப்பதாகப் பழங்குடியினர் வழியாக அறிந்த நிறுவனம், அதைத் தேடுவதற்கு ஹெர்னை அனுப்பியது. 1769இல் மேற்கொண்ட முதற் பயணம் வழிகாட்டிகள் கைவிட்டதால் தோல்வியடைந்தது. 1770இல் மேற்கொண்ட இரண்டாவது பயணத்தில் கோணமானி உடைந்ததால் திரும்ப நேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில், சிப்பவையன் இனத் தலைவர் மட்டோனபியின் துணையுடன் மூன்றாவது பயணம் தொடங்கியது. 1771 சூலையில் காப்பர்மைன் ஆற்றங்கரையில், உடன் வந்தோர் உறங்கிக்கொண்டிருந்த இனுவிட் மக்களைக் கொன்றனர். ஹெர்னால் அதைத் தடுக்க இயலவில்லை. பின்னர் அவர் ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தார். தேடிச் சென்ற இடத்தில் ஏறத்தாழ 4 பவுண்டு எடையுள்ள ஒரு செப்புத் துண்டே குறிப்பிடத்தக்கதாகக் கிடைத்தது. 1772 சூனில் கோட்டைக்குத் திரும்பினார். முகத்துவாரத்தின் அமைவிடத்தை அவர் ஏறத்தாழ 4 பாகை வடக்கே தள்ளிக் கணித்திருந்தது பின்னர் கண்டனத்துக்குள்ளானது.

பிற்காலம்

1774இல் கம்பர்லாந்து ஹவுஸ் வணிக நிலையத்தை நிறுவினார். 1776இல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோட்டையின் ஆளுநரானார். 1782இல் பிரெஞ்சுத் தளபதி லா பெரூஸ் மூன்று போர்க்கப்பல்களுடன் வந்தபோது, போதிய ஆட்கள் இல்லாமையால் போரிடாமல் சரணடைந்தார். கைப்பற்றப்பட்ட பயணக் குறிப்புகளை, அவை நூலாக வெளியிடப்பட வேண்டும் என்ற நிபந்தனையுடன் லா பெரூஸ் திருப்பியளித்தார். 1787இல் இங்கிலாந்து திரும்பிய ஹெர்ன் 1792இல் இறந்தார். நூல் 1795இல் வெளிவந்தது.

வாத்தும் அதன் பெயரும்

இந்நூலில் ஹெர்ன், பனி வாத்தை ஒத்த, ஆனால் அதனினும் மிகச் சிறிய ஒரு வெண்ணிற வாத்தைப் பற்றி எழுதியுள்ளார். அலகின் அடியில் காணப்படும் சிறு புடைப்புகளையும் அவர் குறித்துள்ளார். இப்புடைப்புகளால் அது கொம்பு வேவி எனப்பட்டது. வேவி என்பது பனி வாத்தைக் குறிக்கும் பழங்குடி மொழிச் சொல்லிலிருந்து வந்ததாகும். சர்ச்சிலில் அரிதான இப்பறவையை, அங்கிருந்து வடமேற்கே 200 முதல் 300 மைல் தொலைவில் பெருங்கூட்டங்களாகக் கண்டதாகவும் அவர் பதிவு செய்துள்ளார்.

ஹெர்ன் இதற்கு அறிவியற்பெயர் சூட்டவில்லை. 1861இல் அமெரிக்கப் பறவையியலாளர் ஜான் காசின், கிரேட் ஸ்லேவ் ஏரிப் பகுதியிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இதனை முறைப்படி விவரித்தார். ராபர்ட் கென்னிகாட்டின் விருப்பப்படி, அதே நிறுவனத்தின் அலுவலரான பெர்னார்டு ராஸின் பெயரை இதற்குச் சூட்டினார். உயிரியற் பெயரிடல் விதிகளின்படி, முறையான அறிவியற்பெயருடன் வெளியான விவரிப்பே முந்துரிமை பெறும். ஆகவே ஹெர்னின் விவரிப்பு ஏறத்தாழ 66 ஆண்டுகள் முந்தியதாயினும் பெயரிடலில் இடம்பெறவில்லை. இவ்வாத்தின் முட்டையிடும் இடம் 1938இல் கனேடிய ஆர்க்டிக்கின் பெரி ஆற்றுப் பகுதியில் கண்டறியப்பட்டது.