வெலிங்டன் வளர்த்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ்

நம் கல்லூரியில் படித்துவிட்டு ஊட்டிக்கு டூர் போகாதவர் அநேகமாக இருக்க மாட்டார். மேட்டுப்பாளையம் தாண்டி, குன்னூர் ஏறி, வெலிங்டனைக் கடக்கும்போது, அதோ ராணுவ ஸ்டாஃப் காலேஜ் என்று யாராவது கை காட்டுவார்கள். அதே ஊரில்தான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டரும் இருக்கிறது. அந்த சென்டரின் கால்பந்து டீம் 1955-லும் 1958-லும் டெல்லிக்குப் போய் டுராண்ட் கோப்பையை ஜெயித்து வந்தது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியுமுங்க?

அது சாதாரணக் கோப்பை அல்ல. 1888-இல் தொடங்கிய போட்டி. 1950 முதல் 1960 வரை அதை ஹைதராபாத் போலீஸ், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்ற மூன்று பெரிய டீம்களே மாறி மாறி வாங்கின. இடையில் புகுந்தது வெலிங்டன் சிப்பாய்கள் மட்டும்தான். 1955 இறுதி ஆட்டத்தில் விமானப்படையையும், 1958-இல் கூர்க்கா பிரிகேடையும் வென்றார்கள். அந்த டீமின் கோல்கீப்பர்தான் பீட்டர் தங்கராஜ்.

1935-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953-இல் ராணுவத்தில் சேர்ந்தார். வந்தபோது அவர் கோல்கீப்பரே இல்லை. கோல் அடிக்கும் சென்டர் ஃபார்வர்டு. பிறகுதான் கோல் காக்கும் இடத்துக்கு மாறினார். கோல் அடிக்கிறவனைத் தோளில் தூக்குவார்கள். கோல்கீப்பர் ஒரு பந்தை விட்டால் ஊரே திட்டும். விளையாடின பசங்களுக்கு இது தெரியும். தங்கராஜ் அந்த இடத்தைத் தன் இடமாக்கிக் கொண்டார். ஆறடிக்கு மேல் உயரம், நீளமான கைகள். உயரே வரும் பந்து அவர் கைக்குத் தப்புவது அபூர்வம்.

1956 மெல்போர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக் அணிகளிலும் இடம் பெற்றார். 1960-இல் அவர் தலைமையில் சர்வீசஸ் அணி சந்தோஷ் டிராபியை வென்றது. பின்னர் கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார்.

அவருடைய பெரிய சோதனை 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வந்தது. அரையிறுதியில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். தங்கராஜ் வெளியே உட்கார்ந்திருந்தார். இறுதி ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் ரஹீம் அவரை இறக்கினார். எதிரே தென் கொரியா. முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று தோற்கடித்த அணி. மைதானம் முழுக்க நமக்கு எதிரான கூச்சல். பி.கே.பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் 20 நிமிடங்களுக்குள் ஆளுக்கொரு கோல் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் முன்னிலையைக் காக்க வேண்டிய பாரம் பின்வரிசைக்கும் தங்கராஜுக்கும்தான். கடைசிக் கட்டத்தில் ஒரு கோல் மட்டும் விழுந்தது. 2-1, தங்கம் நமக்கு. அதன் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவேயில்லை.

1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். பிற்காலத்தில் பொகாரோவில் வாழ்ந்து, 2008 நவம்பரில் அங்கேயே காலமானார்.

மாணவத் தம்பிகளே, தங்கைகளே! டீமில் பேர் வரவில்லை, பிடித்த இடம் கிடைக்கவில்லை என்று மனசு விட்டுவிட வேண்டாம். கிடைத்த இடத்தில் உழைத்து, கூப்பிடுகிற நாளுக்குத் தயாராக இருந்தவர் தங்கராஜ். அடுத்த முறை வெலிங்டனைக் கடக்கும்போது ஸ்டாஃப் காலேஜோடு அவரையும் நினைத்துக் கொள்ளுங்க.