இறகுகள் பறந்த நடனம்!

குட்டீஸ்... 'டிவி'யில் கறுப்பு - வெள்ளை படம் ஓடினால் என்ன செய்வீர்கள்? பழைய படமென்று முகம் சுளித்து, சட்டென சேனலை மாற்றி விடுவீர்கள் தானே? அடுத்த முறை, கொஞ்சம் பொறுங்கள்!

அமெரிக்காவில், 1935ல் வெளிவந்த, 'டாப் ஹேட்' என்ற படத்தில், ஒரு நடனக் காட்சி உண்டு. கறுப்பு கோட் அணிந்த ஒல்லியான மனிதர், உடை முழுக்க இறகு வைத்த பெண்ணுடன் ஆடுகிறார். முதலில், கூட்டத்துக்கு நடுவே மெல்ல ஆடுகின்றனர். பின், சிறு பாலம் ஒன்றைக் கடந்து, ஆளில்லாத அகன்ற தளத்துக்கு வருகின்றனர். அங்கே, இருவரும் சுழல்கின்றனர், தாவுகின்றனர், சாய்கின்றனர். கால் தரையில் படுகிறதா, இல்லையா என்றே தெரியாது!

இப்படி, ஆணும், பெண்ணும் கைகோத்து, தளம் முழுக்கச் சுழன்று ஆடுவதை, 'பால்ரூம்' நடனம் என்பர். இந்தக் காட்சி எடுத்து, 90 ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும், உலகம் முழுவதும் இதை ரசித்துப் பார்க்கின்றனர்.

அந்த ஒல்லியான மனிதர் தான், பிரெட் அஸ்டேர். அந்தப் பெண், ஜிஞ்சர் ரோஜர்ஸ். பார்ப்பதற்கு இவ்வளவு சுலபமாகத் தெரியும் அந்த நடனத்தின் பின்னால், எத்தனை கஷ்டம் இருந்தது தெரியுமா? வாருங்கள், பிரெட்டின் கதையைப் பார்ப்போம்.

அக்காவின் பின்னால்...

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாஹா என்ற நகரில், 1899, மே 10ல் பிறந்தான் பிரெட். தந்தை, ஆஸ்திரியா நாட்டிலிருந்து குடியேறியவர். குடும்பப் பெயர், ஆஸ்டர்லிட்ஸ்.

பிரெட்டுக்கு ஒரு அக்கா, பெயர் அடேல். தம்பியை விட, இரண்டரை வயது மூத்தவள். வீட்டில், நடனத் திறமை உள்ள குழந்தை என்று எல்லாரும் கொண்டாடியது, அடேலைத் தான். அக்கா நடனப் பள்ளிக்குப் போகும்போது, கூடவே போனவன் தான் நம் பிரெட்.

பிள்ளைகளை மேடைக் கலைஞர்களாக்க விரும்பினார் தாய். 1905ல், இருவரையும் அழைத்து, நியூயார்க் நகருக்கு ரயில் ஏறினார். தந்தை, ஒமாஹாவிலேயே தங்கி, வேலை பார்த்து, பணம் அனுப்பினார். அப்போது, பிரெட்டுக்கு வயது ஐந்து தான்!

ஆஸ்டர்லிட்ஸ் என்ற பெயர், மேடைக்காக, அஸ்டேர் என்று சுருங்கியது. அதே ஆண்டே, அக்காவும், தம்பியும் மேடை ஏறி விட்டனர். பாட்டு, வித்தை, நகைச்சுவை என, பல நிகழ்ச்சிகள் ஒரே மேடையில் நடக்கும் காலம் அது. ஊர் ஊராகச் சென்று ஆட வேண்டும்.

சில ஆண்டுகளில், ஒரு சிக்கல் வந்தது. அடேல் மளமளவென வளர்ந்து விட்டாள், பிரெட் வளரவில்லை. மேடையில் ஜோடி பொருத்தம் இல்லை. என்ன செய்வது? இரண்டு ஆண்டுகள் மேடைக்கே விடுமுறை கொடுத்து, பிரெட் வளரும் வரை காத்திருந்தனர்!

பின், மீண்டும் சேர்ந்து ஆடினர். 1917ல், நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக வீதியான பிராட்வேயில் கால் வைத்தனர். 1924ல் அரங்கேறிய, 'லேடி, பி குட்' என்ற இசை நாடகம், இருவரையும் உச்சிக்குக் கொண்டு சென்றது. லண்டன் நகரமும் அவர்களைக் கொண்டாடியது.

ஆனாலும், கைதட்டலில் பெரும்பங்கு அடேலுக்கே. அவர், மேடைக்கு வந்தாலே கலகலப்பு. பிரெட்டோ, ஒவ்வொரு அடியும் சரியாக வருமா என்று கவலைப்பட்டபடி இருப்பார். எப்போதும் புலம்பும் தம்பிக்கு, அடேல் ஒரு கேலிப் பெயரே வைத்திருந்தார்!

தனியாக நின்ற தம்பி

இங்கிலாந்தின் பிரபு குடும்பத்தைச் சேர்ந்தவரை, 1932ல் திருமணம் செய்து கொண்டார் அடேல். நடனத்தையும் விட்டு விட்டார்.

அப்போது, பிரெட்டுக்கு வயது 32. ஐந்து வயதிலிருந்து, அக்கா இல்லாமல் மேடை ஏறியதே இல்லை. இனி என்ன செய்வார்? அக்கா இல்லாவிட்டால், தம்பி அவ்வளவு தான் என்று பலரும் நினைத்தனர். பிரெட் ஒதுங்கி விடவில்லை. அதே ஆண்டு, வேறு நடிகையுடன் புதிய இசை நாடகத்தில் ஆடி, வெற்றி பெற்றார்.

அடுத்து, ஹாலிவுட்! அங்கே, சினிமாவுக்கு முகம் பொருந்துமா என்று பார்க்க, சிறு படம் எடுத்துப் பார்ப்பர். பிரெட்டைப் பார்த்த, 'ஆர்.கே.ஓ.,' நிறுவனத்தின் தயாரிப்பாளருக்கு, அவரது பெரிய காதுகளும், தாடையின் அமைப்பும் திருப்தி தரவில்லை. தலைமுடியும் குறைந்து கொண்டிருந்தது. ஆனாலும், ஏதோ ஒரு வசீகரம் இருப்பதை அவர் கவனித்து விட்டார். வாய்ப்பு கிடைத்தது. 'கிங்காங்' படம் எடுத்ததும் இதே நிறுவனம் தான், குட்டீஸ்!

பிரெட்டின் கைகளும் கொஞ்சம் பெரியவை. அது வெளியே தெரியாமலிருக்க, ஆடும்போது நடுவிலுள்ள இரண்டு விரல்களை மடக்கிக் கொள்வார். அதுவே, அவருக்கென்று ஒரு தனி பாணியாகி விட்டது!

1933ல், 'பிளையிங் டவுன் டு ரியோ' என்ற படத்தில், சிறு வேடம் கிடைத்தது. நடிகர் பட்டியலில், ஐந்தாவது இடம். நான்காவது இடத்தில் இருந்தவர், ஜிஞ்சர் ரோஜர்ஸ். நெற்றியோடு நெற்றி வைத்து இருவரும் ஆடிய நடனத்தைப் பார்த்த ரசிகர்கள், படத்தின் நாயகன், நாயகியையே மறந்து விட்டனர்!

அதன்பின், 1939 வரை, இருவரும் தொடர்ந்து எட்டுப் படங்களில் ஜோடியாக நடித்தனர். அது, அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி நிலவிய காலம். லட்சக்கணக்கானோர் வேலை இழந்திருந்தனர். கையிலிருந்த சில்லரைக்கு டிக்கெட் வாங்கி, இருட்டு அரங்கில், கொஞ்ச நேரம் கவலையை மறந்தனர். 'டாப் ஹேட்' படம், வசூலை அள்ளிக் குவித்தது.

இறகுச் சண்டை

இனி, அந்த இறகு உடைக்கு வருவோம்...

'டாப் ஹேட்' படத்துக்காக, உடை முழுக்க நெருப்புக் கோழியின் இறகு வைக்க வேண்டும் என விரும்பியவர், ஜிஞ்சர். அதன் நிறம், வெளிர் நீலம். படம் கறுப்பு - வெள்ளை என்பதால், நம் கண்ணுக்கு அது தெரியாது.

படப்பிடிப்பில் இசை ஒலித்தது, இருவரும் சுழன்றனர். அவ்வளவு தான்... இறகுகள் பிய்த்துக் கொண்டு, அறை முழுக்கப் பறந்தன! பிரெட்டின் கறுப்பு கோட்டில் ஒட்டின, கண்ணில் விழுந்தன, மூக்கில் ஏறின. பொறுமை இழந்து சத்தம் போட்டார் பிரெட். அழுதே விட்டார் ஜிஞ்சர். ஆனாலும், உடையை மாற்ற மட்டும் அவர் சம்மதிக்கவில்லை.

இறகுகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தைத்தனர். காட்சியை எடுத்து முடித்தனர். திரையில் பார்த்தபோது தான், ஜிஞ்சரின் எண்ணம் எல்லாருக்கும் புரிந்தது. சுழலும்போது, அந்த இறகுகளும் சேர்ந்து ஆடின! பிரெட் என்ன செய்தார் தெரியுமா? தங்கத்தில் சிறு இறகு செய்து, ஜிஞ்சருக்குப் பரிசளித்தார். அதன்பின், அவருக்கு, 'இறகு' என்றே செல்லப்பெயர் வைத்து விட்டார்.

அந்தக் காட்சியைக் கூர்ந்து பாருங்கள். இரண்டொரு இறகுகள், உடையை விட்டுப் பிரிந்து பறப்பதை, இன்றும் காணலாம்.

47வது முறை!

அந்நாளில், நடனக் காட்சிகளில், கேமரா ஒரு நொடி முகத்தைக் காட்டும். மறு நொடி காலைக் காட்டும். இன்னொரு நொடி, கூரையிலிருந்து காட்டும். துண்டு துண்டாக எடுத்து ஒட்டும்போது, ஆடுபவரின் தவறுகளை மறைத்து விடலாம்.

பிரெட்டுக்கு, இது பிடிக்கவில்லை. தலை முதல் பாதம் வரை முழு உருவமும் தெரிய வேண்டும். முடிந்தவரை, வெட்டாமல், ஒரே மூச்சில் எடுக்க வேண்டும் என்றார். இதனால், யாருக்குக் கஷ்டம்? அவருக்குத் தான்! மூன்று நிமிட நடனத்தில், கடைசி நொடியில் கால் பிசகினாலும், மீண்டும் முதலிலிருந்து ஆட வேண்டுமே!

அதனால் தான், படப்பிடிப்புக்குப் பல வாரங்கள் முன்பே, ஒத்திகையைத் துவக்கி விடுவார். ஹெர்மஸ் பான் என்ற நடன அமைப்பாளர், அவருக்கு உதவினார். முதலில், ஜிஞ்சரின் இடத்தில் ஹெர்மஸ் பான் நின்று ஆடுவார். அடிகள் முடிவானதும், அவற்றை ஜிஞ்சருக்குக் கற்றுக் கொடுப்பார். ஷூவின் அடியில் உலோகத் தகடு பொருத்தி, 'டக்... டக்' என்று தாளமிடும் நடனத்தை, 'டேப்' நடனம் என்பர். படத்தில் கேட்கும் அந்தச் சத்தத்தை, பின்னர் தனியே ஆடிப் பதிவு செய்தனர்.

'ஸ்விங் டைம்' என்ற படம், 1936ல் வெளிவந்தது. அதில், பிரியப் போகும் இருவர், கடைசியாக ஒருமுறை ஆடும் காட்சி வரும். முதலில், சோகமாக நடக்கின்றனர். அந்த நடையே, மெல்ல மெல்ல நடனமாகிறது. வளைந்த படிக்கட்டுகளில் ஏறி, உச்சியில் சுழன்று முடிக்கின்றனர்.

இதை எடுத்த அன்று, ஏதாவது ஒன்று சரியில்லாமல் போய்க் கொண்டே இருந்தது. மறுபடி... மறுபடி... என ஆடினர். ஜிஞ்சரின் பாதங்களில் ரத்தம் கசிந்தது. அப்படியும், அவர் விலகவில்லை. 47 முறை எடுத்த பிறகே, காட்சி முடிந்தது! படத்தைப் பாருங்கள், வலியின் சுவடு கூட, ஜிஞ்சரின் முகத்தில் தெரியாது.

விழுந்தாலும் எழுந்தார்

1946ல், போதும் என்று ஓய்வு அறிவித்தார் பிரெட். இரண்டே ஆண்டுகளில், திரும்ப வர வேண்டியதாயிற்று. நடிகர் ஜீன் கெல்லிக்கு கணுக்கால் முறிந்து விட, 'ஈஸ்டர் பரேட்' படத்தில், அவருக்குப் பதிலாக ஆடினார், படம் வெற்றி! 1949ல், ஜிஞ்சருடன் பத்தாவது முறையாக ஜோடி சேர்ந்தார். 1950ல், அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது கிடைத்தது. அதை, மேடையில் கொடுத்தவர், ஜிஞ்சர் ரோஜர்ஸ்!

1951ல், 'ராயல் வெட்டிங்' படத்தில், சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நின்று ஆடி, எல்லாரையும் வாய் பிளக்க வைத்தார். எப்படி என்கிறீர்களா? அறை முழுவதையும், ராட்சத பீப்பாய் போன்ற கூண்டுக்குள் அமைத்து, அதைச் சுழற்றினர். மேஜை, நாற்காலி, கேமரா, கேமராமேன் எல்லாம், அறையோடு சேர்த்துக் கட்டப்பட்டு, கூடவே சுழன்றன. பிரெட், எப்போதும் கீழ்ப்பக்கத்தில் தான் ஆடினார். நம் கண்ணுக்குத் தான், அவர் கூரையில் நிற்பது போலத் தெரிந்தது!

1954ல், பேரிடி ஒன்று விழுந்தது. அவரது அன்பு மனைவி பிலிஸ், புற்றுநோயால் இறந்தார். புதிய படம் துவங்கவிருந்த நேரம் அது. மனமுடைந்த பிரெட், படத்திலிருந்து விலக நினைத்தார்; ஆன செலவைத் தன் கையிலிருந்து தரவும் தயாரானார். ஆனால், அவர் அதில் நடிக்க வேண்டும் என்பது, மனைவியின் விருப்பமாக இருந்தது. துக்கத்தை உள்ளே அடக்கி, வேலைக்குத் திரும்பினார். அந்தப் படம், 'டாடி லாங் லெக்ஸ்' என்ற பெயரில், 1955ல் வெளியானது.

முதுமையிலும், அவர் சும்மா இருக்கவில்லை. 1974ல் வெளிவந்த, 'தி டவரிங் இன்பெர்னோ' படத்தில் நடித்ததற்காக, ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம் பிடித்தார். 1987, ஜூன் 22ல், 88வது வயதில், நிமோனியா காய்ச்சலால் காலமானார். ஜிஞ்சர், 1995ல் மறைந்தார். இருவரின் நினைவிடங்களும், கலிபோர்னியாவில், ஒரே கல்லறைத் தோட்டத்தில் தான் உள்ளன.

நடனத்தால் உலகைக் கலக்கிய மைக்கேல் ஜாக்சனுக்கும், பிரெட் என்றால் உயிர். 1988ல் வெளியான தன் வாழ்க்கைக் கதையை, பிரெட் அஸ்டேருக்குத் தான் சமர்ப்பித்திருந்தார்.

என்ன குட்டீஸ்... சிலரைப் பார்த்து, இவர்களுக்கு மட்டும் எல்லாம் எப்படிச் சுலபமாக வருகிறது என்று ஏங்கியிருப்பீர்கள். பாட்டு, ஓவியம், கிரிக்கெட், கணக்கு... எதுவாகவும் இருக்கலாம். இனி, அப்படித் தோன்றும்போது, அந்தப் படிக்கட்டு நடனத்தை நினைத்துக் கொள்ளுங்கள். 46வது முறையோடு, போதும் என்று அவர்கள் கிளம்பியிருந்தால், அந்தக் காட்சியே நமக்குக் கிடைத்திருக்காது. வராத கணக்கை, இன்னும் ஒரே ஒருமுறை போட்டுப் பாருங்கள். அது, உங்களின், 47வது முறையாக இருக்கலாம்!